தோற்கும் ஹாக்கி அணிக்கு யார் வேண்டும்: பழைய ஆட்டக்காரரா, கணக்குப் புலியா?

எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்றால் எங்களுக்குள் இந்தச் சண்டைதான். தொடர்ந்து தோற்கும் ஒரு லீக் அணிக்குப் புதிய ஜெனரல் மேனேஜராக யாரைப் போடலாம்: களத்தில் ஆடிய பழைய ஆட்டக்காரரையா, புள்ளிவிவரம் பார்த்து ஆளெடுக்கும் கணக்குப் புலியையா?

ஏலம்: விஷயமே இங்கேதான். ஹாக்கி இந்தியா லீக்கின் 2024 ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றின் கையிலும் 4 கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது, அதில் 8 பேர் வெளிநாட்டவர். இந்திய வீரர் ஹர்மன்பிரீத் சிங் ஒருவரே 78 லட்சத்துக்குப் போனார். அதாவது கையிருப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! பெனால்டி கார்னரில் அவர் அடிக்கும் கோல்களுக்கு அது தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் மீதிப் பணத்தை 23 பேருக்குப் பிரிக்க வேண்டுமே.
ஆட்டக்காரர்: பெயருக்கு மயங்கிவிடலாம்.
கணக்குப் புலி: எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்து வருவார்.

ஆள் தேடல்:
ஆட்டக்காரர்: கோவில்பட்டிப் பையன் பந்தை நிறுத்தும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.
கணக்குப் புலி: புள்ளிவிவரம் இல்லாத பையன் இவர் கண்ணில் படவே மாட்டான்.

வீரர்களிடம் மதிப்பு: ஆட்டக்காரருக்குத்தான். சந்தேகமே இல்லை.

சரி, முடிவு? ஏலத்துக்கு முன்னால் என்றால் கணக்குப் புலி. ஏலம் முடிந்து, அணிக்குள் மனக்கசப்பு என்றால் பழைய ஆட்டக்காரர். என் ஓட்டு கணக்குப் புலிக்கு. டீக்கடை அண்ணன் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.