அளவுகோல் பொய் சொன்ன 18 மி.மீ. லென்ஸ்: மூன்று ஆண்டு அனுபவம்

சரிபார்க்கக் கொடுத்திருந்த என் 18 மி.மீ. லென்ஸ் நேற்று மாலை மும்பை அந்தேரியிலிருந்து திரும்பி வந்தது. செம்பூரிலிருந்து ஒரு தம்பி போன வாரமே கேட்டிருந்தான்: "அண்ணா, 8கே கேமராவுக்கு அகலக்கோண சினிமா லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். உங்களுடையது எப்படி?" லென்ஸ் கையில் இல்லாமல் பதில் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். தயாரித்தவர்களின் பெயர் வேண்டாம். நான் பட்டது எந்த நிறுவனத்தின் 18-இலும் நேரலாம்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் அதிகமும் படம் எடுப்பது தாராவியில், பத்துக்குப் பத்து அடி அறைகளில். கேமராவைப் பின்னால் நகர்த்தினால் முதுகு சுவரில் இடிக்கும். அங்கே 18 போட்டால் கதவு நிலை, பரண், மூலையில் இருக்கும் குடம் எல்லாம் சட்டகத்துக்குள் வந்துவிடும். வந்தாலும் நிலைக்கதவு வில்லாக வளையாது. தகரக் கூரையின் வரிகள் ஓரம் வரைக்கும் நேராகவே ஓடும். ஃபோகஸ் மாற்றும்போது சட்டகம் விரிந்து சுருங்குவதும் மிகக் குறைவு. ட்யூப்லைட் நேராகக் கண்ணில் பட்டாலும் கறுப்பு வெளுத்துப் போவதில்லை. குறை சொல்ல நான் தேடியிருக்கிறேன், கண்ணாடியில் குறை கிடைக்கவில்லை.

லென்ஸ் உள்ளே விழுத்தும் ஒளிவட்டமான படவட்டமும் போதும். தம்பி இதைக் கவனிக்க வேண்டும். ரெட் வி-ராப்டர் விவி என்ற 8கே கேமராவில் படம் பதியும் தகடான சென்சாரின் அகலம் 40.96 மி.மீ., உயரம் 21.60 மி.மீ., மூலைவிட்டம் ஏறத்தாழ 46.3 மி.மீ. முழுச்சட்டக ஸ்டில் கேமராவின் மூலைவிட்டம் 43.3தான். "ஃபுல் ஃபிரேம்" என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால் மூலைகள் இருண்டு போகலாம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். போன ஆண்டு, கணவர் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்த நாள்களைப் பற்றித் திருநெல்வேலிப் பாட்டி ஒருவர் பேசினார். ஃபோகஸ் பார்த்த பையன் டேப் பிடித்துக் கண்ணுக்கு 2 மீட்டர் என்று அளந்து, லென்ஸ் வளையத்தின் தூர அளவுகோலை 2-இல் வைத்தான். ஒளி நுழையும் துளை டி2.1, நன்றாகத் திறந்த நிலை. ஏழு அங்குல மானிட்டரில் எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. எடிட்டிங் மேசையில் முழு அளவில் திறந்தால், பாட்டிக்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளித் தொங்கிய நாள்காட்டியில் ராகுகாலம் வரைக்கும் படிக்க முடிகிறது. பாட்டியின் இமை மயிர் தெரியவில்லை.

பையனைத் திட்டினேன். மூன்று வாரம் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் மேல் தப்பே இல்லை.

பிஎல் மவுண்ட் என்பது சினிமா லென்ஸைக் கேமராவில் மாட்டும் ஒரு வகை வாய். அதில் லென்ஸ் அமரும் இடத்திலிருந்து சென்சார் வரை சரியாக 52 மி.மீ. இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் கடையில், லென்ஸின் ஃபோகஸை அளக்கும் காலிமேட்டர் கருவியில் வைத்துப் பார்த்தபோது என் லென்ஸ் 0.03 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே அப்படித்தான், அதற்கு முன் யாரும் அதைத் திறந்ததில்லை. முதல் ஆண்டு முழுவதும் வெயிலில் துளையைச் சுருக்கி எடுத்ததால் எனக்கு உறைக்கவில்லை. 85 மி.மீ. லென்ஸில் இதே பிசகு இருந்தால் 2 மீட்டர் என்று வைத்த ஃபோகஸ் ஒன்றரை சென்டிமீட்டர்தான் தவறும். 18-இலோ அது ஏறத்தாழ 2.45 மீட்டரில் போய் விழுகிறது. "வைடுக்கு ஃபோகஸ் கவலை இல்லை" என்று காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறோமே, பேக் ஃபோகஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவிலுள்ள இந்தத் தூர விஷயத்தில் அது நேர்த் தலைகீழ்.

மானிட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அந்தத் துளையில் 0.03 மி.மீ. பிசகு தரும் மங்கல் 14 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). அகலத்தில் எட்டாயிரத்துக்கு மேல் பிக்சல் உள்ள 8கே-யில் அது மூன்று பிக்சல். 1920 பிக்சல் மட்டுமே உள்ள எச்டி மானிட்டரிலோ ஒரு பிக்சலுக்கே 21 மைக்ரான் வந்துவிடுகிறது. அங்கே மங்கல் மறைந்து போகும். எச்டியில்தானே வெளியிடுகிறோம், தெரியாது என்று எடிட்டர் ஆறுதல் சொன்னார். அறை முழுவதும் தெரியும் காட்சிக்கு அது சரி. நான் 8கே-யில் எடுத்ததே அதே ஷாட்டிலிருந்து முகத்தை வெட்டி நெருக்கக் காட்சியாக வைப்பதற்காக. வெட்டினால் அந்த மூன்று பிக்சலும் அப்படியே திரைக்கு வந்துவிடும்.

கடைக்காரர் மவுண்ட் வளையத்தின் திருகுகளைக் கழற்றி லென்ஸை இம்மியளவு வெளியே தள்ளும் ஒரு ஷிம் தகட்டைச் செருகினார். இடுக்கியில் பிடித்திருந்த அந்தத் தகடு வெங்காயச் சருகு போல மின்விசிறிக் காற்றில் நடுங்கியது. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பொருளில், தொழிற்சாலையிலேயே போட்டிருக்க வேண்டியது அந்த ஒரு சருகு.

அதோடு தீர்ந்தபாடில்லை. கேமரா வாடகைக்கு வருவது. அதன் மவுண்ட் ஆர்எஃப் என்ற வேறு வகை, நடுவில் பிஎல் லென்ஸை அதில் பொருத்தும் அடாப்டர். ஒவ்வொரு அடாப்டரும் இம்மியளவு வேறு. 85-ஐ அப்படியே மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். 18-ஐ மட்டும் ஒவ்வொரு காலையும் சோதித்தாக வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்காமல் காப்பது தனிக் கவலை. ஈரம் உறிஞ்சும் பெட்டியை 45 சதவீதத்தில் வைத்துச் சமாளிக்கிறேன், இதுவரை படரவில்லை. இந்த முறை அனுப்பியதும் ஷிம்மை மறுபடி சரிபார்க்கத்தான். சரியாக இருக்கிறது என்றார்கள்.

எனவே தம்பி, வாங்காதே. இதைவிட நல்ல படம் தரும் 18 என் கைக்கு வந்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், வாங்காதே. நீளமான லென்ஸ்களை வாங்கிக்கொள், 18-ஐ வாடகைக்கு எடு. எடுக்கும்போது அன்றைக்கு வேலை செய்யப்போகும் அதே கேமரா, அதே அடாப்டரில் மாட்டச் சொல். கேமரா உடலில் உள்ள சென்சார் குறியிலிருந்து டேப் பிடித்துச் சரியாக 2 மீட்டரில் ஒரு நாளிதழை ஒட்டு. துளையை முழுதாகத் திற. மானிட்டரில் முழுப் படத்தைப் பார்த்து ஏமாறாதே, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கு. பொடி எழுத்து கூராகும் இடத்தில் வளையம் 2-ஐக் காட்டவில்லை என்றால் வேறு அடாப்டர் கேள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் வேறு லென்ஸ் கேள். பணம் கட்டுவதற்கு முன்பே கேள்.