மெடிகேஷன் எய்ட் சான்றிதழ் என்று 685 டாலரைத் தொலைத்தேன், நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள்

இன்று காலைதான் அந்தச் சான்றிதழை விற்ற நிறுவனத்தின் கடைசி மின்னஞ்சல் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் டெக்சஸில் ஒரு நர்சிங் ஹோமில் சி.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளர். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. இங்கே அது முதியவர்கள் தங்கும் இடம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது என் வேலை. இடுப்பு போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மாத்திரை கொடுக்கும் மெடிகேஷன் எய்ட் ஆகிவிட்டால் தூக்குகிற வேலை குறையும், சம்பளமும் கொஞ்சம் கூடும் என்று தேடினேன். ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனம் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்தே இரண்டு வாரம், எல்லா மாநிலத்திலும் செல்லுமாம். 685 டாலர்.

சந்தேகம் வராமல் இல்லை. போனில் பேசிய பெண்ணிடம் "டெக்சஸில் செல்லுமா?" என்று கேட்டேன். "என் அம்மாவும் சி.என்.ஏ.தான், உங்கள் இடுப்பு வலி எனக்குத் தெரியும்" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்று இப்போது உறைக்கிறது. அப்போது கண் கலங்கி, கார்டு எண்ணைச் சொல்லிவிட்டேன்.

தங்க முத்திரையோடு சான்றிதழ் வந்தது. எங்கள் தலைமை நர்ஸிடம் பெருமையாக நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளினிக்கல் எங்கே செய்தீர்கள்?" என்றார். விழித்தேன். டெக்சஸில் 140 மணி நேரப் பயிற்சி வேண்டுமாம்: 100 வகுப்பு, 30 செய்முறை, 10 உண்மையான நர்சிங் ஹோமில் (அதுதான் அவர் கேட்ட கிளினிக்கல்). அதுவும் மாநிலம் அங்கீகரித்த பள்ளியில். அப்புறம் மாநிலத் தேர்வு, பெர்மிட். என் தாளுக்கு மதிப்பே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 72 மணி நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். மறுபடி எழுதினால், முதல் பாடத்தைத் திறந்துவிட்டீர்களே என்றார்கள். போன் செய்தேன், அதே பெண், அதே குரல், "நீங்கள் யார்?" என்றாள். இன்றைய மின்னஞ்சல்: மாநில விதிகளைத் தெரிந்துகொள்வது மாணவர் பொறுப்பு, உங்கள் முயற்சிக்கு வாழ்த்துகள். வாழ்த்தாம்! 685 டாலர் எனக்கு 40 மணி நேர உழைப்பு, வரி பிடிப்பதற்கு முன்னால்.

நல்ல பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. மாநில சுகாதார ஆணையத்தின் பட்டியலில் பள்ளியின் பெயரைப் பார்க்காமல் ஒரு சென்ட் கட்டாதீர்கள். எல்லா மாநிலத்திலும் செல்லும் என்றால் பொய்; ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. இங்கே பயிற்சி தொடங்கும் நாளில் நீங்கள் இதுபோன்ற ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் வேலையில் இருக்க வேண்டும். எங்கே வேலை என்றே கேட்காமல் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நான் டெபிட்டில் கட்டித் தொலைத்தேன்.

சரி, மூன்று மணி ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். வங்கியில் முறையிட்டு யாருக்காவது பணம் திரும்பி வந்திருந்தால், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.