யோசனைப் பெட்டியா, தாள் புத்தகமா, போனா? கொழும்பு வேலைத்தலங்களுக்கு எது சரிவரும்

ஊழியர்களிடம் யோசனை கேட்டு வீண்செலவைக் குறைப்போம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்ததும் முதலில் வாங்குவது பெட்டியைத்தான். புறக்கோட்டைப் பக்கம் போனால் பூட்டு வைத்த பெட்டி ஒன்றை வாங்கிவிடலாம். சாப்பாட்டு அறை வாசலில் மாட்டிய முதல் மாதம் தாள் நிறைந்து வழியும். நாலாம் மாதம் திறந்து பார்த்தால் டொபி உறைதான் கிடக்கும். யோசனை தீர்ந்துபோய்விட்டது என்று முகாமையாளர்கள் நினைப்பார்கள். அது பிழை. போட்ட தாளுக்கு என்ன நடந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே பெட்டி, இரட்டைப் பிரதிப் புத்தகம், கியூஆர் படிவம், வட்ஸ்அப் ஆகிய நான்கையும் இங்கே ஒரே அளவுகோலால் அளக்கிறோம். எழுதியவருக்கு எத்தனை நாளில், எவ்வளவு தெளிவாகப் பதில் போகிறது? விலையும் அழகும் வசதியும் அதற்குப் பிறகுதான்.

பெட்டி

பெட்டி என்றாலே வீண் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 1721இல் நாட்டை ஆண்ட இராணுவத் தலைவரான ஷோகன் யோஷிமுனே எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) ஒரு மனுப்பெட்டி வைத்தார். மாதத்தில் மூன்று நாள் அது வெளியே வைக்கப்படும். ஷோகனே திறந்து வாசிப்பார். பெயரும் முகவரியும் இல்லாத மனு கணக்கில் எடுக்கப்படாது. ஒரு வைத்தியர் போட்ட மனுவினால் அடுத்த ஆண்டே ஏழைகளுக்கான கொய்ஷிகாவா வைத்தியசாலை எழுந்தது. சாவி, முடிவெடுக்கக்கூடியவரின் கையில் இருந்தது. திறக்கும் நாள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் வேலைத்தலங்களின் பெட்டிகளில் குறைவது இந்த இரண்டும்தான்.

பெட்டியை ஒரே ஒரு தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் போட்டுச் சொல்ல முடியாதவற்றுக்கு. களவு, தொந்தரவு, மூடி மறைக்கப்பட்ட விபத்து போன்றவை அதில் அடங்கும். அப்படியானால் அது கமராவுக்குக் கீழேயோ மனிதவளப் பிரிவின் கதவருகிலோ இருக்கக்கூடாது. லொக்கர் அறைக்குப் போகும் வழி நல்ல இடம். இரண்டு வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த இருவர், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றாகத் திறக்க வேண்டும். வேலையைச் சீர்ப்படுத்தும் யோசனையைப் பெயரில்லாமல் வாங்குவதில் பயனில்லை. "மெஷின் பக்கத்து மேசையை மாற்றுங்கள்" என்று மட்டும் ஒரு தாள் வந்தால் எந்த மெஷின், எந்த மேசை என்று யாரிடம் போய்க் கேட்பது?

இரட்டைப் பிரதிப் புத்தகமும் பலகையும்

எங்கள் தெரிவு இதுதான். பில் புத்தகம் போல ஏ5 அளவில், கார்பன் வைக்கத் தேவையில்லாத தாளில், 50 சோடி கொண்ட புத்தகங்களாக அச்சிட்டுத் தொடர் இலக்கம் போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் என்.சி.ஆர். தாள் என்றால் விளங்கிக்கொள்வார்கள். அந்தப் பெயருக்குரிய அமெரிக்க நிறுவனம்தான் 1890களிலேயே ஊழியர் யோசனைக்குப் பரிசு கொடுத்த முன்னோடிகளில் ஒன்று என்பது ஒரு நல்ல பொருத்தம்.

மேல் தாள் பலகைக்கு, கீழ்த் தாள் எழுதியவருக்கு. அந்தக் கீழ்த் தாளின் பெறுமதியைக் குறைத்து எண்ண வேண்டாம். யோசனையை ஊழியர் சொல்ல, சூப்பர்வைசர் தன் பெயரில் மேலே கொண்டுபோகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இலக்கமும் திகதியும் போட்ட பிரதி சட்டைப்பையில் இருக்கும்போது அது நடக்காது.

படிவத்தில் நான்கு கட்டம் போதும். இப்போது என்ன நடக்கிறது, எதை எப்படி மாற்றலாம், அதற்கு என்ன தேவை, செய்து பார்த்தாயிற்றா இல்லையா. "எவ்வளவு மிச்சமாகும்" என்று ஊழியரிடம் கேட்காதீர்கள்; அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பேனாவைக் கீழே வைக்கிறார்கள். கணக்குப் போடுவது நிறுவனத்தின் வேலை. பின்பக்கத்தை வெறுமையாக விட்டால் படம் வரைவார்கள். ஒரு தாளில் ஒரு யோசனை மட்டும்.

மொழி விடயத்தில் கவனம் தேவை. சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் உள்ள படிவம் தமிழ் ஊழியருக்கு "உன்னிடம் கேட்கவில்லை" என்று சொல்கிறது. தமிழைச் சேர்த்தால் மட்டும் போதாது, அச்சுக்குப் போகுமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் புரூப் பார்க்க வேண்டும். யூனிகோடில் தட்டிய தமிழைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம்மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும். ஆயிரம் தாள் அச்சடித்த பிறகு இது தெரியவந்தால் காசு போனதுதான். பதிலும் கேட்ட மொழியிலேயே போக வேண்டும்.

பலகையில் நான்கு வரிசை: வந்தவை, பார்க்கப்படுபவை, செய்பவை, முடிந்தவை. ஏற்காதவற்றுக்கு ஓரத்தில் ஓர் இடம், காரணத்தோடு. "சாத்தியமில்லை" என்பது காரணமல்ல. "அந்த வழியில் தீயணைப்புக் கருவி இருக்கிறது, மறைக்க முடியாது" என்பது காரணம். 24 மணித்தியாலத்தில் சூப்பர்வைசர் கையொப்பம், ஏழு நாளில் முடிவு, முப்பது நாளில் செய்து முடித்தல். குறித்த தொகைக்குள், உதாரணமாக 5,000 ரூபாவுக்குள், முடியக்கூடியதைச் சூப்பர்வைசரே அந்த இடத்தில் தீர்மானிக்கட்டும். எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்பினால் குழு கூடும் நாள்வரை தாள் தூங்கும். திட்டங்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

சூப்பர்வைசரின் மனத்தாங்கலையும் விளங்கிக்கொள்ள வேண்டும். தன் பகுதியில் இருந்து வரும் ஒவ்வொரு தாளும் தன்மேல் எழுதிய முறைப்பாடு போல அவருக்குத் தோன்றும். முடிந்த யோசனைகளின் எண்ணிக்கையை அவருடைய வருடாந்த மதிப்பீட்டில் பாராட்டாகச் சேர்த்தால் அவரே தாள் எழுதச் சொல்லுவார். ஆளுக்கு மாதம் ஒன்று கட்டாயம் என்று மட்டும் விதிக்காதீர்கள். மாதக் கடைசி நாளில் "குப்பைக்கூடை வைக்கவும்" என்று நூறு தாள் வரும், அவற்றுக்கு நடுவே நல்லது ஒன்று புதைந்துபோகும்.

முதல் வாரங்களில் மலசலகூடக் குழாய், மின்விசிறி, சோற்றின் தரம் பற்றித்தான் எழுதுவார்கள். இவை யோசனை அல்ல என்று தள்ளிவிட வேண்டாம். நிறுவனம் கேட்கிறதா என்று அவர்கள் பார்க்கும் பரீட்சை அது. குழாயை உடனே திருத்துங்கள். இரண்டாம் மாதத்தில் மெஷினைப் பற்றி எழுதுவார்கள்.

கியூஆர் படிவமும் வட்ஸ்அப்பும்

கந்தோர்களுக்குக் கூகுள் படிவம் பரவாயில்லை. பதில்கள் நேரே அட்டவணையில் விழும், திகதியும் நேரமும் தானாகப் பதிவாகும். ஆனால் படம் இணைக்கும் வசதியைச் சேர்த்தால், நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். தொழிற்சாலைத் தளத்தில் அந்த ஒரு படியிலேயே பலர் கைவிட்டுவிடுவார்கள். மொழியை மாற்றும் பொத்தானும் அதில் இல்லை. முதல் கேள்வியாக மொழியைக் கேட்டு, பதிலுக்கேற்பத் தனித்தனிப் பகுதிக்குத் தாவும்படி அமைக்க வேண்டும். தளத்தில் போன் கொண்டுபோக விடாத இடங்களுக்கு இதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

வட்ஸ்அப் குழுவில் யோசனை காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே அமிழ்ந்துபோகும். குழுவாக வேண்டாம்; ஒரே ஒரு இலக்கம் வையுங்கள். லொறிச் சாரதிகள், விநியோக ஊழியர்கள் போன்றோருக்குக் குரல்பதிவு எழுத்தைவிட இலகு. அதைக் கேட்டு ஒருவர் புத்தகத்தில் எழுதி, தொடர் இலக்கத்தைத் திருப்பி அனுப்பினால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். மாதக் கட்டணம் கட்டும் மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை: தாள் புத்தகத்தை ஒரு வருடம் ஒழுங்காக நடத்திய பிறகு யோசியுங்கள்.

மிச்சத்தை எப்படிக் கணக்கிடுவது

காற்றுக் கசிவை எடுத்துக்கொள்வோம். 7 பார் அழுத்தத்தில் ஓடும் கொம்பிரசர் குழாயில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று சுமார் 3 கிலோவாட் மின்சாரத்தைத் தின்னும். நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் வருடம் 3,000 மணித்தியாலம், 9,000 யூனிட். யூனிட் 30 ரூபா என்று வைத்தால் 2,70,000 ரூபா. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். துளையைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். மெஷின்கள் நிற்கும் மதிய இடைவேளையில் இணைப்புகளில் தடவினால் குமிழி வரும். மொத்தக் கசிவை அறிய, காற்றைப் பாவிக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கொம்பிரசரை மட்டும் விடுங்கள். அது 2 நிமிடம் ஏற்றி 6 நிமிடம் ஓய்ந்தால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது கொம்பிரசர் தரக்கூடிய காற்றில் 25 வீதம் கசிகிறது. "மதியத்தில் ஸ்ஸ் என்று சத்தம் கேட்கிறது" என்று ஒரு ஹெல்பர் எழுதும் தாளின் பெறுமதி இது.

ஆனால் எல்லா மிச்சமும் மிச்சமல்ல. களஞ்சியத்தில் 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலமுள்ள பெட்டிக்கு எச் வடிவில் டேப் ஒட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் 7 சென்ரிமீற்றர் மடிப்பு விட்டால் நடுக்கோட்டுக்கு 74, இரு ஓரங்களுக்கும் 108. மேலும் கீழும் சேர்த்து 364 சென்ரிமீற்றர். நடுக்கோடு மட்டும் என்றால் 148. பெட்டிக்கு 216 மிச்சம். நாளுக்கு 200 பெட்டி என்றால் 432 மீற்றர். 100 யார் ரோல் என்பது 91.44 மீற்றர், ஆக நாளுக்கு நாலே முக்கால் ரோல் அளவில். ரோலில் எழுதியிருக்கும் யார் உள்ளே இருக்கிறதா என்று ஒன்றை முழுதாக அவிழ்த்து அளந்துவிட்டுத்தான் இந்தக் கணக்கை நம்ப வேண்டும். அதற்குமேல் ஒரு கேள்வி: வெளிநாட்டு வாங்குநரின் பொதியிடல் விதியில் எச் டேப் கட்டாயமா? மழைக்காலத்தில் ஈரம் குடித்த அட்டை, அடுக்கின் அடியில் வாய் பிளக்குமா? உள்ளூர் விநியோகத்துக்கு மட்டும் அனுமதித்து, திரும்பி வரும் உடைந்த பெட்டிகளை இரண்டு மாதம் எண்ணிப் பார்ப்பதே சரியான முடிவு.

நேரக் கணக்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு துண்டுக்கு 6 செக்கன், 600 துண்டுக்கு ஒரு மணித்தியாலம். தாளில் அழகாக இருக்கும். ஆனால் அடுத்த மேசை அதே வேகத்தில்தான் எடுக்கும் என்றால் நடுவே குவியல் உயருமே தவிரக் காசு வராது. ஒன்றரை மடங்கு கொடுக்கும் ஓ.டி. குறைந்ததா, கூடுதலாக அனுப்பிய துண்டு உண்டா, இரண்டில் ஒன்றைக் காட்ட முடிந்தால் மட்டும் பணக் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் "வேலை இலகு" என்று தனியாகக் குறியுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

யோசனையால் ஒரு ஆளின் வேலை மிச்சமானால் அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், வேறு பகுதிக்கு மாற்றுவோம் என்று எழுத்தில் கொடுத்துப் பலகையில் ஒட்டுங்கள். இது இல்லாமல் தொடங்கவே கூடாது. தன் பக்கத்து ஆளின் சோற்றில் மண் விழும் என்றால் எந்த மனிதர் எழுதுவார்?

பரிசு

கொடக் நிறுவனத்தில் 1898இல் "ஜன்னல்களைக் கழுவுங்கள்" என்று சொன்ன தொழிலாளிக்கு 2 டொலர் கிடைத்தது. தொகை சிறிது, ஆனால் கொடுத்தார்கள். முதல் வருட மிச்சத்தில் 10 வீதம் என்பது கேட்க நன்றாயிருக்கும். நடைமுறையில் யார் முதலில் நினைத்தது, மிச்சம் எவ்வளவு என்ற வாக்குவாதம் மாதக்கணக்கில் இழுபடும். பெரிய தொகைக்காகச் சின்ன யோசனையை உள்ளேயே வைத்திருப்பார்கள். செய்து முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரே தொகை, 500 ரூபா என்றால் 500, அதே வாரத்தில். பெரிய மிச்சங்களுக்கு வருடம் ஒருமுறை தனியாக. காசாகக் கொடுப்பது வேலை வருமானத்தோடு சேரும் என்பதால் சம்பளப் பிரிவுக்கு முன்பே அறிவியுங்கள். இருவர் சேர்ந்து சொன்னால் பாதி பாதியாகப் பிரிக்காமல் இருவருக்கும் முழுத் தொகை கொடுங்கள். 500 ரூபாவில் நட்பு முறிய வேண்டாம்.

டொயோட்டா 1951இல் தொடங்கிய யோசனைத் திட்டம் அமெரிக்காவின் ஃபோர்ட் தொழிற்சாலையில் பார்த்ததைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டதுதான். நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டில், வேலையிடத்தைத் தரம்பிரித்து ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்திருக்கும் ஐந்து எஸ் முறையைத் தொடங்கி, வேலை முன்னேற்றக் குழுக்களை அமைத்து நடத்தியது. ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா பின்னர் அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோனது. பயிற்சிக்குத் தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தை அணுகலாம்.

தொடங்கும்போது முழு நிறுவனத்தையும் இழுக்காதீர்கள். நாற்பது பேருள்ள ஒரு பகுதி, ஒரு பலகை, இரண்டு புத்தகம், மூன்று மாதம். மூன்றாவது புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் முதல் நூறு தாள்களையும் மேசையில் பரப்பி, யாரும் நிரப்பாத கட்டம் எது என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள்.