புது காரில் "மாத்தித் தாரோம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்: 46,800 ரூபாய் போச்சு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் புது கார் புக் பண்ணியிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். 46,800 ரூபாய். நாலு அலாய் வீல், டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், எல்லாம் கம்பெனி ஒரிஜினல் என்று சொல்லி வாங்கிய பணம். வந்ததில் ஒன்றுகூட கம்பெனிப் பொருள் கிடையாது. டெலிவரி ஆகி பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. ஷோரூம் பெயரைப் போடவில்லை. பெரிய கம்பெனி ஒன்றின் அங்கீகாரம் பெற்ற டீலர், முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே நுழைந்ததும் காபி வரும். அந்த ரகம். எப்படிப் பேரம் பேச வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

வண்டி நடு வேரியன்ட். எக்ஸ்-ஷோரூம் 8,64,000. இரும்பு ரிம், பிளாஸ்டிக் வீல் கவர், சாதா ஆடியோ. அடுத்த வேரியன்டில் அலாய், ஸ்கிரீன், கேமரா மூன்றும் தொழிற்சாலையிலேயே மாட்டி வரும். விலை 72,000 கூட. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 13 சதவீதம், அதையும் சேர்த்தால் 81,360. இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் சேல்ஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மேல் வேரியன்ட் எதுக்கு அண்ணாச்சி? இதே வண்டியில அந்தச் சாமானையே மாட்டித் தந்துருதோம். அதே ஒரிஜினல், பாதி விலை."

கோட்டேஷனில் ஏற்கெனவே "பேசிக் கிட்" என்று 24,600 போட்டிருந்தார்கள். மேட், மட் ஃபிளாப், பாடி கவர், சைடு மோல்டிங், ஸ்டியரிங் கவர், அதோடு "ரிவர்ஸ் சென்சார்" என்று ஒரு வரி. ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லா காரிலும் கட்டாயம். தொழிற்சாலையிலேயே வருகிற பொருள். அதை ஆக்ஸசரி என்று தனியாக விலை போட்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் வாதாடவே இல்லை. பேனாவை எடுத்து 24,600-க்குக் குறுக்கே ஒரே கோடு. "நீங்க விவரமான ஆளு, உங்ககிட்ட கிட் எல்லாம் விக்க முடியுமா" என்றார்.

நம்பிக்கை வந்தது அந்தக் கோட்டில்தான். கிட்டைக் கோட்டேஷனிலிருந்து நீக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கார் வாங்கியவர்களுக்குத் தெரியும். அதையே ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுத்தவர் மற்றதில் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு கோட்டேஷனின் பின்பக்கம் அவர் கைப்பட எழுதியது இது. அலாய் 4, ஒன்று 7,000 வீதம் 28,000. ஸ்கிரீன், கேமரா 19,500. சீட் கவர் 7,800. மொத்தம் 55,300. வண்டியில் இருக்கும் நாலு இரும்பு ரிம்மையும் வீல் கவரையும் அவர்களே எடுத்துக்கொண்டு 8,500 கழிவு. பாக்கி 46,800. "எல்லாம் கம்பெனி ஒரிஜினல்தானே?" என்று கேட்டதற்கு, "நம்மகிட்ட போய் சந்தேகப்படுதியளே அண்ணாச்சி, நான் இருக்கேம்லா" என்றார். ஒரிஜினல் என்ற சொல் அந்தத் தாளில் இல்லை. வாயில்தான் இருந்தது.

அடுத்தது பில். "மெயின் இன்வாய்ஸ்ல போட்டா இதுக்கும் 13 பர்சென்ட் டாக்ஸ் வந்துரும், ஆறாயிரம் வேஸ்ட். தனியா போட்டுருவோம்." 46,800-க்கு 13 சதவீதம் 6,084, கணக்கு சரிதான். விஷயம்தான் பொய். வரி வண்டியின் விலைக்குத்தான். டீலர் பின்னால் மாட்டும் சாமானை அதே டீலர் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு தனி பில்லாகப் போட்டாலே வரியில் சேராது. அவர்கள் செய்தது வேறு. ஆக்ஸசரி கவுண்டரில் ஒட்டியிருந்த கியூ.ஆர். கோடில் பணம் போடச் சொன்னார்கள். பணம் போனது வேறொரு பெயருக்கு. கையில் கிடைத்தது கார்பன் வைத்து எழுதிய சின்ன ரசீது. "ஆக்ஸசரீஸ் 46,800", ஒரு கையெழுத்து. ஜி.எஸ்.டி. எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, எத்தனை பீஸ் என்றுகூட இல்லை.

டெலிவரி முகூர்த்த நாள், சாயங்காலம் ஆறரை. வண்டிக்கு மேல் சிவப்புத் துணி, மாலை, தேங்காய், நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். அந்த வெளிச்சத்தில், அந்தக் கூட்டத்தில், நல்ல நேரம் அது இது என்று அவசரப்படுத்தும்போது எவர் குனிந்து வீலின் பின்பக்கத்தைப் பார்ப்பார்? வேண்டுமென்றே அந்த நேரம் கொடுக்கிறார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கயத்தாறு போகும் நாலு வழிச் சாலையில் 85 தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. வண்ணார்பேட்டையில் ஒரு அலைன்மென்ட் கடையில் பேலன்சிங் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டியது. வீலைக் கழற்றியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரிஜினல் அலாயின் பின்பக்கம், ஸ்போக்கின் உள்புறத்தில் கார் கம்பெனியின் முத்திரை, ரிம் அளவு, ஆஃப்செட் எல்லாம் வார்ப்பிலேயே இருக்கும். இதில் அளவு மட்டும் இருந்தது, கம்பெனி முத்திரை இல்லை. அதைவிட மோசம் நடு ஓட்டை. கம்பெனி வீலின் நடு ஓட்டை ஹப்பில் (வீல் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கமாக உட்காரும்படி கடையப்பட்டிருக்கும். வெளிமார்க்கெட் அலாய் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஓட்டையைப் பெரிதாக விடுவார்கள். இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும், போடவில்லை. வீல் ஹப்பில் உட்காராமல் வெறும் நட்டின் பிடியில் நிற்கிறது. நட்டும் பழைய இரும்பு ரிம்முக்கு வந்த அதே நட்டு. அலாயில் நட்டு உட்காரும் இடத்தின் கோணமும் நட்டின் கோணமும் பொருந்தவில்லை என்று கடைக்காரர் விரலை வைத்துக் காட்டினார். பேலன்சிங் எத்தனை தடவை பார்த்தாலும் இந்த நடுக்கம் போகாது.

ஸ்கிரீனும் அதே கதை. கம்பெனி ஸ்கிரீன் என்றால் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கப்ளரில் (வயர்களை இணைக்கும் செருகி) அப்படியே செருகும், ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். இதில் டேஷ்போர்டு பேனலை எடுத்துப் பார்த்தால் கப்ளரை வெட்டி எறிந்திருக்கிறார்கள். வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. ஸ்டியரிங்கில் உள்ள வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை. கேமராவுக்கு ரிவர்ஸ் லைட் வயரில் கத்தியால் தோலைச் சீவி மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். முதல் வாட்டர் வாஷிலேயே லென்ஸுக்குள் ஆவி கட்டிவிட்டது. குற்றாலம் சாரலுக்கு இது எத்தனை நாள் தாங்கும்?

வயிறு எரிவது சீட் கவரை நினைத்துத்தான். இந்த வண்டியில் முன் சீட்டின் வெளி ஓரத்துக்குள் சைடு ஏர்பேக் இருக்கிறது. சீட்டின் தையலில் "ஏர்பேக்" என்று சின்னத் துணிப்பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் போடும் கவரில் ஒன்று அந்த ஓரம் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுலபமாகப் பிய்கிற பலவீனமான நூலில் தைத்திருக்க வேண்டும். ஏர்பேக் விரிய சில மில்லி செகண்டுதான் இருக்கிறது. இவர்கள் போட்டது கெட்டி ரெக்சின், தடித்த நூலில் இரட்டைத் தையல், அந்தப் பட்டையை மூடி. பக்கவாட்டில் இடி விழுந்தால் ஏர்பேக் கவருக்குள்ளேயே முட்டி நிற்கும், அல்லது திசை மாறி விரியும். 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு உயிரைக் காக்கும் பொருளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் போனில், "அப்படியா, ஃபிட்டர் மாத்திப் போட்டுருப்பான், வியாழக்கிழமை கொண்டு வாங்க." வியாழக்கிழமை போனால் ஃபிட்டர் லீவு. ஆக்ஸசரி கவுண்டரில், "சேல்ஸ்ல பேசினது எங்களுக்குத் தெரியாது." சேல்ஸில், "பணம் வாங்கினது ஆக்ஸசரி, அங்கதான் கேக்கணும்." மேனேஜர் நாகர்கோவில் பிராஞ்சுக்குப் போயிருக்கிறார். மறுநாளும் நாகர்கோவில். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. "நான் இருக்கேம்லா" என்றவர் இப்போது போனை எடுப்பதே இல்லை.

கடைசியில் மேனேஜர் உட்கார்ந்தார். கோட்டேஷனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதுல அலாய்னுதானே எழுதியிருக்கு, கம்பெனி அலாய்னு எங்க இருக்கு?" சரி, உங்கள் வீலை எடுத்துக்கொண்டு வண்டியோடு வந்த இரும்பு ரிம்மைத் தாருங்கள் என்றால், அதை விற்றாகிவிட்டது என்கிறார். எட்டு நாளுக்குள். புது ரிம்முக்கு எப்போதும் கிராக்கி உண்டு, அவர்கள் கழித்த 8,500-ஐவிடக் கூடவே விற்றிருப்பார்கள். "வண்டி ரிஜிஸ்டர் ஆகி டி.என். 72 நம்பர் வந்துட்டு, இனி கம்பெனிக்கு எழுதினாலும் ஒண்ணும் நடக்காது" என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை என்று அதே டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டால், ஜாப் கார்டில் எழுதியது: "வெளியில் பொருத்திய ஸ்கிரீன், வயரிங் வெட்டப்பட்டுள்ளது, வாரன்டி பொருந்தாது." ஒரே காம்பவுண்டு. இந்தக் கட்டடத்தில் 46,800 வாங்கிக்கொண்டு வயரை வெட்டுகிறார்கள், அந்தக் கட்டடத்தில் வயரை வெட்டியிருக்கிறது என்று வாரன்டியை மறுக்கிறார்கள். அந்த ஜாப் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டீலரால் வண்டியின் எந்தச் சாமானையும் "மாத்தித் தர" முடியாது. தொழிற்சாலையிலிருந்து வேரியன்ட், நிறம் என்று முடிவான வண்டிதான் லாரியில் வருகிறது. மாற்றுவது என்றால் யார்டில் அவர்களுடைய ஃபிட்டர் கையால் கழற்றி மாட்டுவது, அவ்வளவுதான். தொழிற்சாலைப் பொருத்தம் என்றால் வண்டியின் வாரன்டிக்குள் வரும், இன்சூரன்ஸ் மதிப்பிலும் வரும். பின்னால் மாட்டிய சாமானை பாலிசியில் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். எலக்ட்ரானிக் சாமானுக்கு வழக்கமாக அதன் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம், 19,500-க்கு 780 ரூபாய். இதை டீலரில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பார்ட் நம்பரே இல்லாத ரசீதை வைத்து எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்ன மதிப்பு சொல்வது?

பேரம் பேசும் முறையை முழுசாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

ஒவ்வொரு சாமானுக்கும் கம்பெனியின் பார்ட் நம்பரைக் கோட்டேஷனில் எழுத வையுங்கள், டீலர் சீல் போட்டு. கம்பெனி வெப்சைட்டில் ஆக்ஸசரி பக்கத்தில் நம்பரும் விலையும் இருக்கும், ஒத்துப் பாருங்கள்.

டீலர் பெயரில் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேறு கியூ.ஆர். கோடில் போடாதீர்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ரிம்மைக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

மாட்டுவதற்கு முன்னால் டப்பாவைப் பாருங்கள், லேபிளைப் போட்டோ எடுங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே. நம்பர் விழுந்த பிறகு அவர்களுக்கு உங்கள் தயவு தேவையில்லை.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே இ-ஜாக்ரிதி என்ற அரசு வெப்சைட்டில் போடலாம். எங்கள் 46,800-க்கான மனு இந்த வாரம் போகிறது.

ஏற்கெனவே டீலரிடம் சீட் கவர் போட்டவர்கள் இன்று ராத்திரியே டார்ச் எடுத்துக்கொண்டு போய் முன் சீட்டின் வெளி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஏர்பேக் பட்டை கவருக்குள் மூடிக் கிடந்தால் பிளேடு வைத்து கவரின் தையலை மட்டும், சீட்டின் தையலில் படாமல், பிரித்துவிடுங்கள், கவர் போனால் போகிறது.