செவ்வாய்ப்பேட்டை பிரேம் கடை: ஓவியம் அருமை, பிரேம் சுமார்

இணையரான இரண்டு பெண்களைச் சேர்த்து ஒரே படமாக வரையச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் வரும் முதல் கேள்வி, "அக்கா தங்கச்சியா?" சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கடையில் அதைக் கேட்பதில்லை. யார் உட்காரணும், யார் நிற்கணும், யார் கை யார் தோளில், இதுதான் கேள்வி. ஆண் நாற்காலியில், பெண் பக்கத்தில் நின்றபடி என்ற பழைய ஸ்டூடியோ அச்சு தானாக வந்து விழாது. திருநங்கையர் குடும்பப் படம் என்றால் நானி (பாட்டி முறை), அம்மா, மகள்கள் என்று வரிசையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உயரம் பார்த்து அடுக்கினால் மூத்தவர் ஓரத்துக்குப் போய்விடுவார்.

தனித்தனிப் போட்டோக்களை இணைத்துக் கணினியில் வரைந்து அச்சிடுகிறார்கள். நகையும் ஜரிகையும் மட்டும் அக்ரிலிக் வண்ணத்தில் கைவேலை. செல்ஃபி கொடுக்காதீர்கள்: கிட்டத்தில் எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காது ஒதுங்கும், அடுத்த முகத்தோடு அளவு ஒட்டாது. ஐந்தாறு அடி தள்ளி, இருவருக்கும் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ எடுங்கள். 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு 3600-க்கு 5400 பிக்சல் இருந்தால் அச்சு பளிச்சென்று வரும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பணும், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

சொதப்புகிற இடம் ரீடச்சிங். முகத்தை வழவழப்பாக்கும் மென்பொருள், திருநம்பியின் (ஆணாக வாழும் திருநரின்) மேலுதட்டில் அரும்பும் மீசையைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடும். ஹார்மோன் எடுத்து மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்த மீசை, சாமி! திருநங்கையின் தாடையைக் கேட்காமலே ஒடுக்கும். எனவே மாதிரி வந்ததும் பெரிதாக்கி மேலுதடு, தாடை, புருவம் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். அச்சானபின் திருத்தத்துக்குத் தனிக் காசு.

பெயர்ப் பட்டையில் 'திரு – திருமதி' வேண்டாமென்றால் 'இணையர்' என்று போட்டுத் தருகிறார்கள். திருமண நாள் என்றொரு இடமும் உண்டு. தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023-ல் சட்ட ஏற்பு தரவில்லை; குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அந்த இடத்தில் சேர்ந்து குடிவந்த தேதியைத் தாராளமாகப் போடலாம்.

குறை பிரேமில்தான். பின்பலகை எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. சேலம் வெயிலுக்குத் தாங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனி மூடிக் கிடக்கும் ஏற்காட்டில் ஈரம் குடித்து உப்பும். கண்ணாடியை அச்சின் மேலேயே வைத்து அடிக்கிறார்கள், அது பெரிய தப்பு. ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டும், பிரித்தால் முகம் உரிந்து வரும். படத்தைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு, அச்சையும் கண்ணாடியையும் பிரித்து நிறுத்தும் அமிலமில்லாத மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை) கேட்டு வாங்குங்கள். கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் இடையே காற்று ஓடும், பூஞ்சை குறையும். மலை வீட்டுக்குக் கண்ணாடியே வேண்டாம், வார்னிஷ் அடித்த கேன்வாஸ் போதும். கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் அதன்மேல் குறுக்காக டேப் ஒட்டி, படுக்கப் போடாமல் நிறுத்தியே பஸ்ஸில் கொண்டுபோங்கள். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.