ஒளிக்காட்சி டிக்கெட்: இரண்டு மணி நேரம் வரிசை, பதினொரு நிமிடம் விளக்கு

பண்டிகை சீசன் தொடங்கிவிட்டால் போதும், "பத்து லட்சம் விளக்குகள்", "மாயாஜால ஒளிச்சுரங்கம்" என்று, டிக்கெட் வாங்கி விளக்கு அலங்காரம் பார்க்கும் ஒளிக்காட்சிகளுக்கு விளம்பரங்கள் வந்து குவியும். இதில் பணம் போக இரண்டு வழி. ஒன்று, காட்சியே இருக்காது. இன்னொன்று, காட்சி இருக்கும், விளம்பரத்தில் சொன்னதுதான் இருக்காது. முதலாவது அப்பட்டமான மோசடி, வங்கியிடம் நிரூபிப்பது சுலபம். இரண்டாவதில் மாட்டினால் காசைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

காட்சியே இல்லாமல் கூட்டம் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: 2024 அக்டோபர் 31 அன்று டப்ளின் நகரின் ஓ'கானல் தெருவில் ஹாலோவீன் ஊர்வலம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஊர்வலம் எதுவும் இல்லை. ஓர் இணையதளத்தில் வந்த அறிவிப்பு கைமாறிக் கைமாறிப் பரவியிருந்தது, அவ்வளவுதான். கடைசியில் போலீஸ் வந்து கலைந்து போகச் சொன்னது. அங்கே டிக்கெட் இல்லாததால் அலைச்சலோடு போயிற்று.

டிக்கெட் உள்ள இடத்தில் போலிப் பக்கம் அசலை அச்சாக நகலெடுத்திருக்கும், இணைய முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை விட்டுவிட்டு, காட்சி நடக்கும் பூங்கா அல்லது மைதானத்தின் சொந்தத் தளத்துக்குள் போய் அங்கிருந்து டிக்கெட் பக்கத்தைத் திறங்கள். சந்தேகம் என்றால் ஹூஇஸ் (Whois, இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் சேவை) தேடலில் அந்த முகவரி எப்போது பதிவானது என்று பாருங்கள். பல வருடமாக நடக்கிறது என்று சொல்லும் காட்சியின் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் மூடிவிட்டு நகரலாம். கருத்துப் பெட்டியில் "எங்களால் போக முடியவில்லை, நாலு டிக்கெட் இருக்கிறது" என்று வருபவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். ஒரே க்யூஆர் கோடைப் பத்துப் பேருக்கு விற்கலாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவருக்குத்தான் அனுமதி.

இனி இரண்டாவது வகை. விளம்பரப் படம் அகலமான லென்ஸில், முக்காலி வைத்து, சில விநாடி ஷட்டரைத் திறந்துவைத்து எடுத்ததாக இருக்கும். பத்தடி இடைவெளியில் தொங்கும் சரவிளக்குகூட அதில் ஒளிமழையாகத் தெரியும். இப்போது செயற்கை நுண்ணறிவுப் படங்களும் சேர்ந்துகொண்டன. இது புதுப் பழக்கமும் அல்ல: 2008இல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பக்கம் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் பூங்கா "ஒளிச்சுரங்கம்" என்று விளம்பரம் செய்தது. போனவர்கள் பார்த்தது மரங்களுக்கு நடுவே கட்டிய சீரியல் பல்புகளைத்தான். புகார்கள் குவிந்து, திறந்த சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். ஆகவே அமைப்பாளர் போடும் புகைப்படத்தை நம்பாமல், போனவர்கள் செல்போனில் நடந்துகொண்டே எடுத்த வீடியோவைப் பாருங்கள். அதுவும் இந்த சீசனுடையதா என்று தேதி பார்த்து.

"பத்து லட்சம் விளக்கு" என்பதும் கணக்கு விளையாட்டு. 100 பல்பு, 10 மீட்டர் நீளச் சரம் என்று வைத்தால் பத்து லட்சத்துக்கு 10,000 சரம், மொத்தம் 100 கிலோமீட்டர் வயர். ஒரு கிலோமீட்டர் பாதையில் அது நிஜமாகவே இருந்தால் கண் கூசும். எல்இடி திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் "விளக்கு" என்று சேர்த்து எண்ணினால் இந்தத் தொகை சுலபமாக வந்துவிடும்.

காரிலேயே சுற்றிவரும் காட்சிகளில் ஏமாற்றம் வேறு மாதிரி. 1.5 கிலோமீட்டர் பாதையை மணிக்கு 8 கிலோமீட்டரில் கடக்க 11 நிமிடம் போதும். வாசலில் ஒரு காருக்கு 10 விநாடி என்றால் மணிக்கு 360 கார்தான் நுழையும். விற்றது மணிக்கு 540 என்றால், மணிக்கு 180 கார் வெளியே தேங்கும். நாலு மணி நேரத்தில் 720 கார். கடைசியில் வருபவருக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு. உள்ளே ஒருவர் காரை நிறுத்திப் படமெடுத்தால் இன்னும் கூடும். டிக்கெட்டில் உள்ள நேரம் பல இடங்களில் வரிசையில் சேரும் நேரம்தான், உள்ளே போகும் நேரம் அல்ல. நிபந்தனையில் பொடி எழுத்தில் இருக்கும். தாமதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால் வார நாளில் முதல் ஸ்லாட்டே நல்லது. ஆனால் சூரியன் மறைந்து அரை மணியாவது ஆகாத ஸ்லாட்டை எடுத்தால் வெளிறிய வானத்தில் பாதி விளக்கு எடுபடாது.

வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியோ, ஃபேன் எல்லாம் ஓடவிட்டால் 12 வோல்ட் பேட்டரி இறங்கி, முறை வரும்போது வண்டி கிளம்பாமல் போகலாம். இன்ஜின் ஓடினால் முன்கார் புகை உள்ளே வராதபடி காற்றை ரீசர்க்குலேஷனில் (உள்காற்றே சுற்றும்படி) வையுங்கள். உள்ளே ஹெட்லைட்டை அணைக்கச் சொல்வார்கள். பகல்நேர விளக்கு தானாக எரியும் வண்டிகளில் அதை அணைக்கும் முறையை வீட்டிலேயே கையேட்டில் பார்த்துவிடுங்கள். குழந்தை இருந்தால் வரிசைக்கு முன்பே கழிவறை. பாதி வழியில் திரும்ப முடியாது.

நடந்து பார்க்கும் காட்சியில் எதிரி மழை. இணைப்பில் நீர் புகுந்தால் மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் கசிவு மின்துண்டிப்பான் செயல்பட்டு ஒரு பகுதி முழுக்க இருண்டுவிடும். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் "மழை பெய்தாலும் நடக்கும்" என்று எழுதியிருந்தால், இருண்ட பகுதிக்கும் சேர்த்துத்தான் காசு, திருப்பித் தர மாட்டோம் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். விட்டுவிட்டு மின்னும் விளக்கு உண்டா என்றும் கேளுங்கள்; விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவது ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் போன பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். வாங்கிய அன்றே விளம்பரத்தையும் நிபந்தனைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிரச்சினை வந்ததும் அந்தப் பக்கம் மாறிவிடும். உள்ளே குறை கண்டால் நிற்காமல் நடந்தபடியே ஒரே வீடியோவாக எடுங்கள். முதலில் அமைப்பாளருக்கு எழுத்தில் புகார். பதில் வராவிட்டால் "சொன்னபடி சேவை இல்லை" என்று வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.