டிஜிலாக்கர்: போன்ல காட்ற லைசென்ஸ் செல்லுமா?

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, அதெல்லாம் செல்லாதுப்பா, மடக்கினா ஒரிஜினல் கார்டுதான் கேப்பாங்கன்னு சொல்லும். இன்னொரு கட்சி லைசென்ஸ ஒரு போட்டோ புடிச்சு கேலரில போட்டுட்டு, அதான் டிஜிட்டல் ஆயிடுச்சேன்னு பர்ஸ வீட்ல வெச்சுட்டு கிளம்பிடும். ரெண்டுமே தப்பு. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல இந்தச் சண்டை மாசம் ஒரு தடவ வருது, ஒவ்வொரு தடவையும் டைப் பண்ணி கை வலிக்குது, அதனால டிஜிலாக்கர ரொம்ப நாளா யூஸ் பண்றவன்ங்கிற முறைல ஒரேயடியா எழுதிடறேன்.

மொதல்ல சட்டம். டிஜிலாக்கர்ங்கிறது லைசென்ஸ், மார்க்ஷீட் மாதிரி டாக்குமென்ட்ட போன்லயே எடுத்துக் காட்டுற ஆப், 2015 ஜூலைல வந்துச்சு, சென்ட்ரல் கவர்மென்ட்டோட ஐடி மினிஸ்ட்ரி நடத்துறது, காசு கிடையாது. 2016ல டிஜிட்டல் லாக்கருக்குன்னு ஐடி சட்டத்துக்குக் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) கீழ தனி விதிகள் போட்டாங்க, 2017 ஆரம்பத்துல அதுல ஒரு திருத்தம் வந்து, இதுல இஷ்யூ ஆகுற டாக்குமென்ட் ஒரிஜினலுக்குச் சமம்னு எழுதியாச்சு. வேடிக்கை என்னன்னா அதே 2017 செப்டம்பர்லதான் தமிழ்நாட்டுல வண்டி ஓட்டுறவங்க எல்லாரும் ஒரிஜினல் லைசென்ஸ் கையில வெச்சிருக்கணும்னு சொல்லி, விஷயம் ஐகோர்ட் வரைக்கும் போய், ஊரே கொந்தளிச்சுது, ஞாபகம் இருக்கா? லாரிக்காரங்க, ஆட்டோக்காரங்க எல்லாம் தொலைஞ்சா யாரு பொறுப்புன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். அப்புறம் 2018 ஆகஸ்ட்ல டிஜிலாக்கர், எம்பரிவாகன் (போக்குவரத்து மினிஸ்ட்ரியோட ஆப்) ரெண்டுல காட்டுற லைசென்ஸ், ஆர்சிய (வண்டியோட பதிவுச் சான்று) ஏத்துக்கோங்கன்னு ரோட்டு போக்குவரத்து மினிஸ்ட்ரி எல்லா ஸ்டேட்டுக்கும் லெட்டர் போட்டுச்சு, அந்த வருஷம் நவம்பர்ல மோட்டார் வாகன விதி 139ஐயே மாத்தி எலக்ட்ரானிக் வடிவத்துலயும் காட்டலாம்னு சேத்தாங்க. 2020 அக்டோபர் 1ல இருந்து இன்னும் ஒரு படி மேல. அதிகாரி சிஸ்டத்துல பாத்து டாக்குமென்ட் சரியா இருக்குன்னு தெரிஞ்சுட்டா பேப்பர் கொடுன்னு கேக்கவே கூடாது, லைசென்ஸ பறிமுதல் பண்ற அளவு குத்தமா இருந்தாலும் அதை சிஸ்டத்துலயே பதிவு பண்ணிக்கணும். அதனால மொத கட்சிக்காரங்க வாதம் முடிஞ்சுது.

இப்ப ரெண்டாவது கட்சி. ஆப்ப தொறந்தீங்கன்னா உள்ள ரெண்டு எடம் இருக்கும், ஒண்ணு இஷ்யூட், இன்னொண்ணு நம்மளே ஏத்துற டிரைவ். சட்டம் பேசுற மரியாதை எல்லாம் இஷ்யூட் பக்கத்துக்கு மட்டும்தான். ஏன்னா அங்க இருக்கிற லைசென்ஸ் உங்க போன்ல இருக்கிற படம் இல்ல, அது ஆர்டிஓ டேட்டாபேஸ்ல இருந்து நேரா வர்றது, டிஜிலாக்கர் வெச்சிருக்கிறது அதுக்கான லிங்க் மட்டும்தான், டாக்குமென்ட்ல டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், எதிர்ல இருக்கிறவர் நிஜமான்னு சரிபாக்க வழி இருக்கும். நீங்களே ஸ்கேன் பண்ணி ஏத்துனது வெறும் ஜெராக்ஸ் மாதிரி, அத யாரு வேணா எடிட் பண்ணி ஏத்தலாம் இல்லையா. 2018ல ரயில்வே டிஜிலாக்கர் ஆதாரையும் லைசென்ஸையும் ஐடி ப்ரூஃபா ஒத்துக்கிட்டப்பவே, இஷ்யூட்ல இருந்து காட்டினா ஓகே, பயணி தானா அப்லோட் பண்ணது செல்லாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேர் இந்த வித்தியாசமே தெரியாம எல்லாத்தையும் போட்டோ புடிச்சு ஏத்திட்டு, டிடிஆர்கிட்டயும் டிராஃபிக் போலீஸ்கிட்டயும் சண்டை போடறாங்க. ஸ்கிரீன்ஷாட் பத்தி தனியா சொல்லணுமா? அதும் அதே கதிதான்.

என்னக் கேட்டா இந்த ஆப்போட பெரிய பிரச்சினை சட்டத்துல இல்ல, சர்வர்லயும் இல்ல, இனிஷியல்ல இருக்கு. சிரிக்காதீங்க. லைசென்ஸ், ஆர்சி எல்லாம் இழுக்கணும்னா, அதாவது இஷ்யூட் பக்கத்துக்குக் கொண்டு வரணும்னா, ஆதார்ல இருக்கிற பேரும் அதுல இருக்கிற பேரும் பொருந்தணும். நம்ம ஆளுங்களுக்கு பேர் எப்படி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, ஸ்கூல் சர்டிபிகேட்ல எஸ். முருகன், ஆதார்ல முருகன் எஸ், பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியல விரிச்சு அப்பா பேரையும் சேத்து எழுதச் சொல்லியிருப்பாங்க, லைசென்ஸ்ல டைப் அடிச்சவர் புள்ளி வெச்சாரோ ஸ்பேஸ் விட்டாரோ அது அவருக்கே வெளிச்சம். கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இன்னும் மோசம், பாதி டாக்குமென்ட்ல அப்பா இனிஷியல், மீதில வீட்டுக்காரர் இனிஷியல். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் போட்டு சிஸ்டம் செஞ்சவங்களுக்கு குடும்பப் பேரே இல்லாத ஒரு ஊர் இருக்குங்கிறது மனசுல வரவே இல்ல போல. பேரு மேட்ச் ஆகலன்னு ஒரு வரி வரும், எந்த எழுத்து இடிக்குதுன்னு சொல்லாது, நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஆதார்ல மாத்துறதா லைசென்ஸ்ல மாத்துறதான்னு குழம்பினா, உங்க பத்தாவது மார்க்ஷீட் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் நில்லுங்க, மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. அதுதான் கடைசி வரைக்கும் கேக்கப்படுற பேப்பர்.

சரி, நல்லது என்ன? நெறைய. பத்தாவது, பன்னெண்டாவது மார்க்ஷீட் தமிழ்நாடு போர்டு, சிபிஎஸ்இ ரெண்டும் இருக்கு (எல்லா வருஷமும் கிடைக்கும்னு நெனச்சுக்காதீங்க), பான், ஆதார், லைசென்ஸ், ஆர்சி எல்லாம் ஒரே எடத்துல. பாஸ்போர்ட் அப்ளை பண்றப்ப இங்கிருந்தே டாக்குமென்ட் குடுக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைல எத்தன பேரு சர்டிபிகேட் ஃபைல் ஊறிப் போய், டூப்ளிகேட் வாங்க கவர்மென்ட் போட்ட ஸ்பெஷல் கேம்ப்ல நின்னாங்க. அத நெனச்சா இந்த ஒரு காரணத்துக்காகவே அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி வெக்கலாம். வண்டி விஷயத்துல மட்டும் ஒண்ணு, லைசென்ஸும் ஆர்சியும் இழுத்துட்டா முடிஞ்சுதுன்னு இல்ல, இன்சூரன்ஸும் புகை சர்டிபிகேட்டும் சட்டப்படி வேணும், இன்சூரன்ஸ தனியா பாலிசி நம்பர் போட்டு இழுக்கணும், எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

நெட் இல்லாத எடத்துல ஆப் தொறந்து நிக்கிறது சங்கடம். கொடைக்கானல் ஏறும்போதோ வால்பாறை போகும்போதோ சிக்னல் எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். கிளம்புறதுக்கு முன்னாடி இஷ்யூட் பக்கத்துல இருந்தே பிடிஎஃப் இறக்கி வெச்சுக்கோங்க, கார்டையும் சீட்டுக்கு அடில போடுங்க, என்ன கொறஞ்சு போகுது.

இன்னொரு விஷயம், சட்டத்துல ஒரிஜினலுக்குச் சமம்னு இருந்தாலும் கவுன்டர்ல உக்காந்திருக்கிறவர் மனசுல அது இறங்க நாளாகும். ஒரு லோன் ஆஃபீஸ்ல (பேரு வேணாம்) எங்கிட்ட டிஜிலாக்கர் பிரிண்ட்ட வாங்கிப் பாத்துட்டு, இது ஜெராக்ஸ்தானே சார், ஒரிஜினல் எங்கன்னாங்க. கியூஆர ஸ்கேன் பண்ணுங்க மேடம்னா, அதுக்கெல்லாம் எங்களுக்கு ஆர்டர் இல்லைங்கிறாங்க. அதுக்கு ஆப்ப திட்டி புண்ணியம் இல்ல. அதே மாதிரி வீட்டுப் பத்திரத்த ஸ்கேன் பண்ணி ஏத்திட்டு ஒரிஜினல அலட்சியமா விட்டுடாதீங்க, அது அப்லோட் பக்கம்தான் சேரும். உயில் மாதிரி சமாச்சாரத்துக்கு ஐடி சட்டமே பொருந்தாது, அதுக்கு பேப்பரும் சாட்சி கையெழுத்தும்தான்.

எல்லாத்தையும் கவர்மென்ட் பாக்குதேன்னு பயப்படறவங்களுக்கு: லைசென்ஸும் பானும் ஏற்கெனவே அவங்க குடுத்ததுதான், அத மறைச்சு வெச்சு என்ன ஆகப் போகுது. ஆனா நீங்களா ஏத்துற மெடிக்கல் ரிப்போர்ட், ஒப்பந்தம் இதெல்லாம் வேற விஷயம், அதுல யோசிக்கிறது தப்பே இல்ல. பிரைவசி அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஒம்போது ஜட்ஜ் பெஞ்ச் சொல்லியாச்சு, டேட்டா பாதுகாப்புச் சட்டமும் 2023ல வந்தாச்சு, அதுக்காக நம்ம சைடு பின் நம்பர பொறந்த தேதியா வெக்கலாம்னு அர்த்தம் இல்ல. நான் இழுத்த டாக்குமென்ட்டோட நிறுத்திக்கிட்டேன், டிரைவ் பக்கம் காலியாதான் கெடக்கு.

இன்ஸ்டால் பண்றவங்க பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும் பண்ணுங்க. உங்க வண்டிக்கு சலான் வந்திருக்கு, இந்த ஆப்ப இறக்குங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஏபிகே ஃபைல் (தொட்டா ஆப்பா இன்ஸ்டால் ஆகுற ஃபைல்) சுத்துது, பரிவாகன் பேரும் லோகோவும் போட்டே வரும், சுத்த ஃபிராடு, எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபியத் திருடி பேங்க் அக்கவுன்ட்ட காலி பண்ற வேலை. சலான் இருக்கான்னு பாக்க பரிவாகன் சைட்டுக்கு நீங்களே போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்க.

என் மார்க் அஞ்சுக்கு நாலு. ஒரு மார்க் இனிஷியலுக்காக கட். வீட்ல அப்பா அம்மாவுக்குப் போட்டுக் குடுக்கிறவங்க, ஆதார்ல எந்த போன் நம்பர் இருக்குன்னு மொதல்ல பாத்துட்டு உக்காருங்க. முக்கால்வாசி வீட்ல அது எப்பவோ தூக்கிப் போட்ட சிம்மாதான் இருக்கும், ஓடிபி அங்கதான் போகும், அத மொதல்ல மாத்தாம இதுல ஒண்ணும் நகராது.